உச்சி என்பது இரண்டே நாள்

நாகூரில் ‘உச்சி வெயில்’ என்றால் யாருக்கும் விளக்கம் தேவையில்லை. கடிகாரத்தில் 12 மணி, சூரியன் தலைக்கு நேர் மேலே, நிழல் காலடிக்குள். இந்த மூன்றும் சேர்ந்ததுதான் நண்பகல் என்பது பள்ளிக்கூடம் போகும் முன்பே மனதில் படிந்துவிடுகிறது. நாற்பது, ஐம்பது வயதுவரை அதைச் சந்தேகிக்க ஒரு காரணமும் வருவதில்லை. ஆனால் இந்த மூன்றும் ஒரே கணத்தில் கூடுகிற நாள் நாகூருக்கு வருடத்தில் ஒன்றுகூடக் கிடையாது. சூரியன் உண்மையிலேயே தலைக்கு நேர் மேலே வருவது இரண்டே நாள்: வடக்கே போகும்போது ஏப்ரல் 18-ஐ ஒட்டி ஒருமுறை, திரும்பி வரும்போது ஆகஸ்ட் 24-ஐ ஒட்டி ஒருமுறை. அந்த இரண்டு நாளிலும் மணி 12 அல்ல. ஏப்ரலில் 12.10, ஆகஸ்டில் 12.13. ‘நிழலில்லா நாள்’ என்று அறிவியல் இயக்கத்தினர் சொல்வது இதைத்தான். கன்னியாகுமரியில் அது ஏப்ரல் 10, 11 வாக்கிலேயே முடிந்துவிடும். சென்னைக்குப் போய்ச்சேர ஏப்ரல் 24 ஆகிவிடும். கடக ரேகைக்கு வடக்கே இருக்கும் தில்லிக்கு அப்படி ஒரு நாள் வருவதேயில்லை.

இதைப் பார்க்கத் தொலைநோக்கி வேண்டாம். தஞ்சையை ஆண்ட மராத்திய மன்னர் பிரதாப சிங் (1739–1763) எழுப்பிய நாகூர் தர்காவின் பெரிய மனாரா 131 அடி உயரம். அதைச் சுற்றிக் கட்டடம் எதுவும் இல்லாமல் சமதரையாக இருப்பதாக வைத்துக்கொண்டு நடுப்பகல் நிழலைக் கணக்கிட்டால், டிசம்பர் 21 அன்று அது வடக்கே சுமார் 89 அடி நீளும். மார்ச் 21-ல் 25 அடிக்குச் சுருங்கும். ஏப்ரல் 18 அன்று அடிவாரத்துக்குள் மறைந்துவிடும். அதன்பிறகு நடப்பதைத்தான் பெரும்பாலோர் நம்ப மறுப்பார்கள்: நிழல் தெற்கே விழத் தொடங்கும். ஜூன் 21 அன்று தெற்கே 29 அடி. அதாவது அக்னி நட்சத்திரம் முழுவதும், மே 4 முதல் 28 வரை, நாகூரின் நடுப்பகல் சூரியன் உச்சியில் இல்லை. உச்சியைத் தாண்டி வடக்கே சாய்ந்திருக்கிறது. ஏப்ரல் 18-க்கும் ஆகஸ்ட் 24-க்கும் இடைப்பட்ட நான்கு மாதமும் அப்படித்தான்.

உச்சியைத் தாண்டிவிட்டது என்றால் கத்திரி ஏன் இப்படிச் சுடுகிறது என்று கேட்பது நியாயம். வெயிலின் கோணமும் வெப்பமும் ஒன்றல்ல என்பதுதான் பதில். கத்திரிக் காலத்தில் சூரியன் உச்சியிலிருந்து விலகுவது 5 முதல் 11 பாகை; அந்தச் சாய்வால் தரைக்கு வரும் வெயிலில் குறைவது நூற்றுக்கு இரண்டு பங்குகூட இல்லை. மறுபக்கம் பகல் நீள்கிறது, வானம் வெளுத்துக் கிடக்கிறது, அறுவடை முடிந்த வயல் ஈரமில்லாமல் வெடித்திருக்கிறது, பங்குனியிலிருந்து தரை வாங்கி வைத்த சூடு வேறு சேர்ந்துகொள்கிறது. அடுப்பில் ஏற்றிய அண்டா ஏற்றிய உடனே கொதிப்பதில்லை. உச்சி சாய்ந்தபின் 2 மணிக்கு வெயில் கூடுதலாக உறைப்பதும் இதே கணக்கில்தான். போதாக்குறைக்குக் கடற்கரை ஊரில் அன்றைய சூட்டைத் தீர்மானிப்பது பெரும்பாலும் கடல்காற்று எத்தனை மணிக்கு உள்ளே வருகிறது என்பது.

மணிக்கு வருவோம். 1906 ஜனவரி 1 முதல் நாம் பின்பற்றும் இந்திய நேரம், மிர்சாப்பூர் பக்கமாகப் போகும் 82.5 பாகைத் தீர்க்கரேகையின் நேரம். நாகூர் அதற்கு மேற்கே ஏறத்தாழ 79.8 பாகையில் இருக்கிறது. ஒரு பாகைக்கு 4 நிமிடம் வீதம், சராசரியாக 10 நிமிடத்துக்குச் சற்று மேல் தாமதமாகத்தான் இங்கே சூரியன், தலைக்கு மேல் வடக்கு-தெற்காகப் போகும் உச்சிக்கோட்டைக் கடக்கும். அதற்கு முன் இந்திய ரயில்கள் ஓடிய சென்னை நேரத்தில் இந்த வித்தியாசம் இரண்டு நிமிடத்துக்கும் குறைவு. ஆக நாகூரின் நண்பகல் சுமார் 9 நிமிடம் தள்ளிப்போனது வானத்தில் அல்ல, அரசாணையில். வானமும் தன் பங்குக்கு ஒன்றைச் செய்கிறது. பூமி சூரியனைச் சுற்றும் பாதை நீள்வட்டம், பூமியின் அச்சும் சாய்ந்திருக்கிறது; அதனால் ஒரு நடுப்பகலிலிருந்து மறு நடுப்பகல்வரை எல்லா நாளும் சரியாக 24 மணி நேரம் இருப்பதில்லை. டிசம்பர் கடைசியில் அரை நிமிடம் கூடும். சில்லறை சேர்ந்து ரூபாயாவதுபோல இது சேர்ந்து, நாகூரின் உண்மையான நண்பகல் பிப்ரவரி நடுவில் 12.25-க்குத் தள்ளிப்போகிறது, நவம்பர் தொடக்கத்தில் 11.54-க்கே வந்துவிடுகிறது. கும்பகோணம் அருகே திருவிசநல்லூர் சிவன் கோயில் மதிலில் அரைவட்டக் கல்லும் ஆணியுமாக ஒரு நிழற்கடிகாரம் இருக்கிறது. பிப்ரவரியில் அதைப் பார்ப்பவர் கைக்கடிகாரத்தோடு ஒப்பிட்டு, ஏறக்குறைய அரைமணி நேரம் பின்தங்குகிறதே, பழசு பழசுதான் என்று நகர்ந்துவிடக்கூடும். ஆணியின் நிழல் பொய் சொல்வதில்லை. அது திருவிசநல்லூரின் நேரத்தைச் சொல்கிறது. கைக்கடிகாரம் மிர்சாப்பூரின் நேரத்தைச் சொல்கிறது.

தை பிறந்த பிறகும் விடியல் தள்ளிக்கொண்டே போவதும் இதன் கிளைக்கதைதான். மிகக் குறுகிய பகல் டிசம்பர் 21 வாக்கில் என்றாலும், நாகூரில் பொழுது மிகச் சீக்கிரம் சாய்வது நவம்பர் நடுவில். மிகத் தாமதமாக விடிவது ஜனவரி கடைசி வாரத்தில். விடியும் இடமும் நிலையாக இல்லை. சில்லடி கடற்கரையில் நின்றால் ஆனியில் சூரியன் நேர்க்கிழக்கிலிருந்து 24 பாகை காரைக்கால் பக்கம் தள்ளி எழும், மார்கழியில் அதே அளவு நாகப்பட்டினம் பக்கம் தள்ளி எழும். கையை நீட்டி விரல்களை மடக்கி முட்டி பிடித்தால் அது வானத்தில் சுமார் 10 பாகையை மறைக்கும். அந்தக் கணக்கில் விடியல் ஆறு மாதத்தில் கிட்டத்தட்ட ஐந்து முட்டி தூரம் நகர்கிறது. நேர்க்கிழக்கில் எழுவது, மறுபடியும், வருடத்துக்கு இரண்டே நாள்.

இவ்வளவு வெளிப்படையாக நடப்பது ஏன் இவ்வளவு தாமதமாகத் தெரியவருகிறது? படிப்பு போதாததால் என்று சொல்லிவிட முடியாது. கடக ரேகைக்கும் மகர ரேகைக்கும் இடையே உள்ள இடங்களில் சூரியன் வருடத்துக்கு இருமுறை உச்சிக்கு வரும் என்பது புவியியலில் மதிப்பெண் வாங்கித் தரும் வரி. ஆனால் அந்த வரியில் ‘இடங்கள்’ என்று வருவது தன் வீட்டு முற்றமும்தான் என்று தோன்றுவதில்லை. பாடம் தேர்வுத்தாளுக்குப் போகிறது, முற்றம் ‘உச்சி’ என்ற சொல்லிடமே தங்கிவிடுகிறது. ‘கிழக்கு’, ‘பன்னிரண்டு’ எல்லாமே இப்படி நமக்குப் பதிலாகப் பார்த்துக்கொடுக்கும் சொற்கள். கண் ஓய்வெடுத்துக்கொள்கிறது.

முன்னோர்களுக்கு இதெல்லாம் தெரியும், நாம்தான் மறந்துவிட்டோம் என்று ஒரு பதில் எப்போதும் தயாராக இருக்கும். பாதிதான் உண்மை. 16 விரற்கிடை நீளத் துரும்பை மடக்கி, நிற்கும் பகுதியின் நிழல் கிடக்கும் பகுதிக்குச் சரியாகப் பொருந்தும்படி வைத்து, நிற்கும் விரல்களை நாழிகையாக எண்ணும் பழைய வழக்கம் உண்டு. சித்திரையில் அது அசத்தும்: சூரியன் பாதி உயரத்தில் இருக்கும்போது 8 விரல் நிற்கும், 8 நாழிகை, அதாவது விடிந்து மூன்று மணி நேரத்துக்குச் சற்று மேல். அதே துரும்பை மார்கழி நடுப்பகலில் வைத்தால் ஒன்பதரை நாழிகைதான் காட்டும். அப்போது உண்மையில் 14 நாழிகை கடந்திருக்கும். கிட்டத்தட்ட இரண்டு மணி நேரப் பிழை. சூரியன் தினமும் உச்சிக்கு வரும் என்ற அதே எண்ணம் துரும்புக்குள்ளும் இருக்கிறது. கெட்டிக்காரத்தனமான கருவிதான், ஆனால் நம் தவறையே அதுவும் செய்கிறது.

இந்தத் தவறைச் செய்யாத ஓர் ஏற்பாடு நாகூரிலேயே இருக்கிறது: பள்ளிவாசல் சுவரில் தொங்கும் தொழுகை நேர அட்டவணை. நண்பகல் தொழுகையான லுஹரின் நேரம் 12 மணிக்குத் தொடங்குவதில்லை. சூரியன் அன்றன்று உச்சிக்கோட்டைக் கடந்து சாய்ந்தபின் தொடங்குகிறது. அதனால்தான் அந்தக் கட்டத்தில் உள்ள எண் வருடத்துக்குள் அரைமணி நேரம் முன்னும் பின்னும் போய்வருகிறது. பிற்பகல் தொழுகையான அஸரின் கணக்கு இன்னும் நுட்பம். ஷாஃபி சட்டப்பிரிவின் வழியில் ஒரு பொருளின் நிழல், அன்றைய நடுப்பகல் நிழலைக் கழித்தது போக, அந்தப் பொருளின் உயரத்துக்குச் சமமாகும்போது அஸர் வருகிறது. ‘நடுப்பகல் நிழலைக் கழித்தது போக’ என்ற அந்த ஒரு நிபந்தனையில், நடுப்பகலிலும் நிழல் இருக்கும், அது நாளுக்கு நாள் மாறும் என்ற அறிவு முழுவதும் அடங்கியிருக்கிறது. துரும்புக்குத் தெரியாதது இது. அட்டவணையைப் பார்ப்பவர்களிலும் பலர் எண்ணை மட்டுமே பார்க்கிறார்கள் என்பது வேறு விஷயம்.

தெரிந்து என்ன ஆகப்போகிறது என்று கேட்பவருக்கு ஒரு வீட்டைக் காட்டலாம். தெற்கு வெயிலுக்கு மறைப்பு வை, வடக்கு எப்போதும் குளிர்ச்சி என்பது தில்லிக்குப் பொருந்தும் அறிவுரை. நாகூரில் மே, ஜூன் மாத நடுப்பகலில் வெயில் படுவது வடக்குச் சுவரில்தான். அந்தப் பக்கத்துச் சன்னலுக்கும் சன்ஷேடு வேண்டும். மாடியில் சோலார் பலகையைத் தெற்கே சுமார் 11 பாகை சாய்த்துப் பொருத்துகிறார்கள். வருடம் முழுவதையும் கூட்டிப் பார்த்தால் அதுவே லாபம், ஏனென்றால் மீதி எட்டு மாதமும் சூரியன் தெற்கே நிற்கிறது. ஆனால் ஜூன் 21 நடுப்பகலில் அந்தப் பலகைக்குச் சூரியன் 23 பாகை பின்பக்கமாக நிற்கும். நேருக்கு நேர் விழுந்திருந்தால் கிடைத்திருக்கும் வெயிலில் நூற்றுக்கு எட்டுப் பங்கு போய்விடும். அன்று மின்சாரம் குறைந்ததற்குப் பலகையைப் பொருத்திய ஆள் காரணமில்லை.