தாமஸ் மன்றோவின் கடிதங்கள்

தாமஸ் மன்றோவின் கடிதங்கள் என்பவை, சென்னை மாகாண ஆளுநராக (1820–1827) விளங்கிய தாமஸ் மன்றோ இந்தியாவிலிருந்து தம் குடும்பத்தாருக்கும் நண்பர்களுக்கும் எழுதிய மடல்கள் ஆகும்.

1792 இல் திப்பு சுல்தானிடமிருந்து கிழக்கிந்தியக் கம்பெனி பெற்ற பாராமகாலில் (இன்றைய கிருஷ்ணகிரி, தருமபுரி, திருப்பத்தூர் பகுதிகள்) மன்றோ 1799 வரை அலெக்சாண்டர் ரீடின் கீழ் நிலவரிப் பணியாற்றினார். அக்காலத்தில் இசுக்காட்லாந்திலிருந்த பெற்றோருக்கும் தமக்கை தங்கையருக்கும் எழுதிய மடல்களில் போர், மைசூர் அரசியல், குடும்பச் செய்திகள் ஆகியன கலந்துள்ளன. 19 ஆம் நூற்றாண்டில் நண்பர் ஆர்தர் வெல்லெஸ்லியுடனும் மடல் தொடர்பு கொண்டிருந்தார். 1803 இல் நடந்த அசாயே போரை வெல்லெஸ்லி அவருக்கு மடல் வழி விளக்கினார்.

ஜி. ஆர். கிளெய்க் 1830 இல் வெளியிட்ட மன்றோவின் வாழ்க்கை வரலாற்றில் இம்மடல்கள் பல இடம்பெற்றன. இரயத்துவாரி முறை உருவான காலத்தை அறிய இவை உதவுகின்றன. எனினும் இவை வரி தண்டிய அதிகாரியின் பார்வையே ஆகும். வரி செலுத்திய உழவர்கள் தம் குரலில் இவற்றில் பேசவில்லை.