சுகர் இருந்தால் நெஞ்சு வலிக்காமலே மாரடைப்பு வரலாம்! "கேஸ்" என்று சோடா குடிக்காதீங்க

சோழவரம்:
வீட்டில் பெரியவருக்கு திடீரென்று வியர்த்துக் கொட்டுகிறது, மூச்சு வாங்குகிறது. "கேஸ்தான், ஒரு சோடா குடிச்சா சரியாயிடும்" என்று பக்கத்தில் இருப்பவர்கள் சொல்வது சகஜம். அவர் சர்க்கரை நோயாளி என்றால் இந்த அலட்சியம் உயிருக்கே உலை வைத்து விடும்.

வலி தெரியாதது ஏன்?

சுகர் பல வருஷம் கட்டுப்பாட்டில் இல்லாவிட்டால் நரம்புகள் கெட்டுப்போகும். காலில் முள் குத்தினாலும் சிலருக்கு தெரியாமல் போவது இதனால்தான். இதயத்தின் நரம்புகளுக்கும் இதே கதி நேரலாம். அப்போது மாரடைப்பு வந்தாலும் நெஞ்சு வலி இருக்காது அல்லது லேசாக இருக்கும். வயதானவர்களுக்கு இந்த ஆபத்து அதிகம்.

திடீர் மூச்சுத்திணறல், குளிர்ந்த வியர்வை, வாந்தி, தலைசுற்றல், காரணமில்லாத அசதி, தாடை அல்லது கை வலி ஆகியவை எச்சரிக்கை மணிகள்.

சென்னை தி.நகர், திருமங்கலம் பகுதி மக்களிடம் நடத்திய ஆய்வு முடிவு 2001-ல் வெளியானது. ரத்த சர்க்கரை இயல்பாக இருந்தவர்களில் 9.1 சதவீதம் பேருக்கு இதய ரத்தக்குழாய் நோய் இருந்தது. சர்க்கரை நோயாளிகளில் இது 21.4 சதவீதம்.

எல்லாம் பரம்பரையா?

"அப்பாவுக்கு இருந்துச்சு, எனக்கும் வந்துடுச்சு. என்ன பண்ண முடியும்?" என்று பலர் கேட்கிறார்கள். பரம்பரை ஒரு காரணம் என்பது உண்மைதான். தாய், தந்தை இருவருக்கும் சுகர் இருந்தால் பிள்ளைகளுக்கு வாய்ப்பு இன்னும் கூடும். அப்பா, அண்ணன், தம்பிக்கு 55 வயதுக்கு முன்போ, அம்மா, அக்கா, தங்கைக்கு 65 வயதுக்கு முன்போ மாரடைப்பு வந்திருந்தால் டாக்டரிடம் மறக்காமல் சொல்ல வேண்டும்.

ஆனால் தலையெழுத்து என்று விட்டுவிட தேவையில்லை. சுகர் எல்லைக்கோட்டில் இருந்த இந்தியர்களிடம் நடந்த ஆய்வு 2006-ல் வெளியானது. சும்மா இருந்தவர்களில் 3 ஆண்டுகளில் 55 சதவீதம் பேர் சர்க்கரை நோயாளி ஆனார்கள். நடைப்பயிற்சி, உணவுக் கட்டுப்பாடு மேற்கொண்டவர்களில் இது 39.3 சதவீதமாக குறைந்தது.

நோய் வந்த பிறகும் ரத்த அழுத்தம், கொழுப்பு இரண்டையும் கட்டுக்குள் வைத்தால் இதயம் தப்பும். பீடி, சிகரெட், புகையிலையை அடியோடு விட வேண்டும். "இப்போ நல்லாதானே இருக்கேன்" என்று மாத்திரையை நிறுத்தக் கூடாது. 2021-ல் தொடங்கிய "மக்களைத் தேடி மருத்துவம்" திட்டத்தில் சுகர், பி.பி. மாத்திரைகளை வீட்டுக்கே கொண்டு வந்து தருகிறார்கள்.

என்ன செய்யணும்?

அறிகுறி தெரிந்தால் பெரியவரை நடக்க விடாதீங்க, பைக்கிலும் ஏற்றாதீங்க. உடனே 108-க்கு போன் பண்ணுங்க. "சுகர் பேஷண்ட்" என்று முதலிலேயே சொல்லுங்க. மாரடைப்புக்கான முதல் டோஸ் மாத்திரைகளை ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே கொடுத்து, பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பும் "இதயம் காப்போம்" திட்டம் 2023-ல் தொடங்கப்பட்டது. கட்டணம் கிடையாது. தாமதிக்கும் ஒவ்வொரு நிமிஷமும் இதயத் தசை செத்துக்கொண்டிருக்கும்.