வலிக்காத இதய நோய்

நெஞ்சு வலித்தால்தான் இதய நோய் என்று நாம் எண்ணுகிறோம். சர்க்கரை நோயாளிகளிடம் இந்தக் கணக்குத் தவறிவிடுகிறது. இரத்தத்தில் சர்க்கரை பல ஆண்டுகள் மிகுந்திருந்தால் நரம்புகள் பழுதடையும். காலில் முள் தைத்ததே தெரியாத பாட்டிமாரை நம் வீடுகளில் காண்கிறோம் அல்லவா? இதயத்து நரம்புகளும் அவ்வாறு மரத்துப்போனால், மாரடைப்பே வலியின்றி வந்து போகலாம்.

இன்னொரு கேடும் உண்டு. இதயம் சுருங்கி இரத்தத்தைத் தள்ளுவதைப் பாடத்தில் படிக்கிறோம். அது தளர்ந்து இரத்தத்தை வாங்கிக்கொள்வதை அவ்வளவாகக் கவனிப்பதில்லை. சர்க்கரை நோயில் இதயத் தசை விறைத்துவிடக்கூடும். மெல்லிய பலூனில் காற்று எளிதில் புகும். தடித்த பலூனை ஊதினால் நம் கன்னம் நோகும். விறைத்த இதயத்துக்குள் செல்ல இடமின்றி, இரத்தம் நுரையீரலில் தேங்கி மூச்சிரைப்பு உண்டாகிறது. தள்ளும் ஆற்றல் நன்றாகவே இருப்பதால் தொடக்கத்தில் எவருக்கும் ஐயம் எழுவதில்லை.

1972-ல் ரூப்ளர் முதலிய அமெரிக்க மருத்துவர்கள், இதயக் குழாயில் அடைப்பு இல்லாமலே இதயம் தளர்ச்சியுற்ற நான்கு சர்க்கரை நோயாளிகளைப் பற்றி எழுதினர். 1974-ல் வெளியான ஃபிராமிங்காம் ஆய்வு, இந்நோயுள்ள ஆண்களுக்கு இதயச் செயலிழப்பு இரு மடங்குக்கு மேல் என்றது. பெண்களுக்கோ ஐந்து மடங்கு! படித்தபோது எங்களுக்குத் திடுக்கென்றது. அம்மா மாடிப்படியில் நின்று மூச்சு வாங்கினால், "வயதாகிறது" என்று நாம் சிரித்துவிடுகிறோமே!

ஒலி அலைகளால் இதயத்தைப் படமெடுக்கும் 'எக்கோ' சோதனையில் இந்த விறைப்பைக் காணலாம். அதில் வலி இல்லை. மாலையில் கால் வீங்குகிறது, இரண்டு தலையணை இல்லாமல் படுக்க முடியவில்லை என்று பாட்டி சொன்னால், சர்க்கரை அளவோடு அதையும் மருத்துவரிடம் சொல்லவேண்டும்.