கை நகரும்போதே திருத்த ஓர் ஆள்

மும்பையை அடுத்த, சிந்தி அகதிகளின் ஊர் உல்லாஸ்நகர். இன்று தமிழ்க் குடும்பங்களும் வாழும் அந்த ஊரிலிருந்து பொறியியல் படிக்கும் பிள்ளைகள் காலை லோக்கலில் தொற்றிக்கொண்டு மாட்டுங்காவுக்கும் செம்பூருக்கும் போகிறார்கள். சப்மிஷன் வாரத்தில் அவர்கள் கையில் இருப்பது சீனியரின் லேப் ஜர்னல். அளவீடு, வரைபடம், முடிவுரை எல்லாம் அப்படியே புது ஜர்னலுக்குள் இறங்கும். ஆசிரியரின் கையெழுத்தும் கிடைத்துவிடும். செமஸ்டர் முடிந்து, ரிசல்ட் வந்து, எம்-3 கணிதத் தாளில் ‘கேட்டி’ (அரியர்) விழுந்த பிறகுதான் எங்கே தடுக்கியது என்ற கேள்வியே எழும். அதற்குள் அடுத்த செமஸ்டர் பாதி ஓடியிருக்கும்.

இதே மும்பையில் வேறொரு பள்ளிக்கூடம் இருந்தது. மாட்டுங்காவுக்கு அடுத்த தாதரில், சிவாஜி பார்க் மைதானத்தில், கிரிக்கெட் பயிற்சியாளர் ரமாகாந்த் அச்ரேக்கர் நடத்தியது. சச்சினும் காம்ப்ளியும் பிரவீன் ஆம்ரேயும் அகார்கரும் அங்கே வளர்ந்தவர்கள். மாலையில் சச்சின் களைத்துப்போகும் நேரம் பார்த்து ஸ்டம்பின் மேல் ஒரு ரூபாய் நாணயம் வைப்பார் அச்ரேக்கர். அவுட் ஆக்குகிறவனுக்கு அது சொந்தம். யாராலும் முடியாவிட்டால் சச்சினுக்கு. அப்படிச் சேர்ந்த 13 நாணயங்களைப் பெரிய பொக்கிஷமாகச் சச்சின் சொல்வதுண்டு. எல்லோரும் இதை நெகிழ்ச்சிக் கதையாகவே சொல்கிறோம். அதற்குள் இருக்கும் பயிற்சி முறையைக் கவனிக்க வேண்டும். உடம்பு சோர்ந்த பிறகும் கவனம் நிற்கிறதா என்று பார்க்கும் சோதனை அது. விளைவு அந்த நொடியே தெரிந்துவிடும். தோற்றால் போவது ஒரு ரூபாய்தான். நாளை மறுபடி ஆடலாம். நம் செமஸ்டர் தேர்வில் இந்த மூன்றுமே இல்லை. சச்சினை ஸ்கூட்டரில் ஏற்றிக்கொண்டு மைதானம் மைதானமாகப் போய் மேட்ச் ஆட வைத்தவர் அச்ரேக்கர். நம் மாணவன் தன் துறையில் ஆடும் முதல் மேட்ச், பெரும்பாலும் கடைசி ஆண்டு பிராஜெக்ட்.

இதே வழியில் இன்னொருவர், அமெரிக்கக் கூடைப்பந்துப் பயிற்சியாளர் ஜான் வுடன்; 12 ஆண்டுகளில் யுசிஎல்ஏ பல்கலைக்கழக அணிக்கு 10 தேசியப் பட்டங்கள் வாங்கித் தந்தவர். அவரது கடைசி சீசனில் இரண்டு கல்வி உளவியலாளர்கள் ஓரமாக உட்கார்ந்து, பயிற்சியில் அவர் சொன்னதையும் செய்ததையும் ஒவ்வொன்றாகக் குறித்தார்கள். பாராட்டு சுமார் 7 சதவீதம், கண்டிப்பும் ஏறக்குறைய அவ்வளவே. பாதிக்கு மேல், இதை இப்படிச் செய் என்ற சுருக்கமான குறிப்புகள். ஒருவன் தவறினால் முதலில் சரியான அசைவைச் செய்து காட்டுவார், பிறகு அவன் செய்த தவறை, மறுபடி சரியானதை. சில நொடிகளில் முடிந்துவிடும், ஆட்டம் தொடரும்.

நம் கல்லூரிகளுக்கு இந்த உடனடித் திருத்தம் அந்நியமானதல்ல. முதலாண்டு ஒர்க்‌ஷாப்பில் ஃபிட்டிங் பகுதிக்குப் போய்ப் பாருங்கள். பெஞ்ச் வைஸில் இரும்புத் துண்டை இறுக்கி மாணவன் அரம் போடுகிறான். அரம் ஊசலாடினால் ஓரங்கள் தேய்ந்து நடு மேடாகிவிடும். நல்ல மாஸ்டர் துண்டை வாங்கி, மூலைமட்டத்தை அதன்மேல் வைத்து வெளிச்சத்துக்கு நேரே பிடிப்பார். இடுக்கில் ஒளி கசியும். பையனின் முழங்கையைத் தொட்டுச் சரிசெய்துவிட்டு, “இப்போ போடு” என்பார். அந்தப் பாடம் அவனுக்கு மறக்காது.

எலெக்ட்ரானிக்ஸ் லேபில் அந்த மாஸ்டருக்கு ஈடான ஆள் பெரும்பாலும் இல்லை. பிரெட்போர்டில் சர்க்யூட் வேலை செய்யவில்லை என்றால் லேப் அசிஸ்டென்ட் வந்து வயரைப் பிடுங்கிச் சொருகித் தந்துவிடுகிறார். ரீடிங் வந்துவிடும், மாணவனுக்கு ஒன்றும் வராது. முதலில் சப்ளை வோல்டேஜை அள, பிறகு ஒவ்வொரு முனையாக வா என்று பக்கத்தில் நின்று சொல்ல இரண்டு நிமிடம் போதும். பழுதைத் தேடிப் பிடிப்பது இன்ஜினீயரின் அடிப்படை ஆட்டம். அதைத் தனியாகப் பிரித்துப் பழக்க வேண்டும்; வேண்டுமென்றே ஒரு கோளாறு வைத்து, கண்டுபிடி என்று விடலாம்.

கோயம்புத்தூர் கரி மோட்டார் ஸ்பீட்வேயில் நடக்கும் ஃபார்முலா பாரத் போட்டிக்குத் தாங்களே கட்டிய காரோடு வரும் கல்லூரி அணிகளிடம் இந்தப் பழக்கத்தைப் பார்க்கலாம். பிரேக் டெஸ்ட்டில் நான்கு சக்கரமும் ஒருசேர லாக் ஆகாவிட்டால் கார் ஓட்டத்துக்குப் போக முடியாது. கழற்றி, சரிசெய்து, திரும்பி வர வேண்டும். அங்கே ஜர்னலைக் காட்டித் தப்ப முடியாது. ஆனால் அந்த அணிகளில் இடம் கிடைப்பது சிலருக்கே. மாலை ஆறு மணிக்கு மேல் கல்லூரியில் தங்க முடியாத உல்லாஸ்நகர்ப் பிள்ளைக்கு அதுவும் கிடையாது.

அறுபது பேர் வகுப்பில் இதெல்லாம் நடக்குமா என்று ஆசிரியர்கள் கேட்பது நியாயமே. லெக்சரில் நடக்காது. பிராக்டிகலில் நடக்கும், அங்கே பேட்ச் ஒன்றுக்கு இருபது பேர், இரண்டு மணி நேரம். அந்த நேரத்தைத்தான் பழைய ஜர்னல்களுக்குக் கையெழுத்துப் போட்டே தீர்க்கிறோம். பத்துப் பரிசோதனைகளை ஆறாகக் குறைத்து, ஒவ்வொன்றையும் இரண்டு முறை செய்ய வைக்கலாம். ஜர்னலை அங்கேயே எழுதி அங்கேயே முடிக்கலாம். டேர்ம்வொர்க் மதிப்பெண்ணை அழகான கையெழுத்துக்குத் தராமல், கோளாறைக் கண்டுபிடித்ததற்குத் தரலாம். இதற்குப் புதுக் கட்டடமோ கருவியோ தேவையில்லை. பாடத்திட்டக் குழு மனம் வைத்தால் அடுத்த செமஸ்டரிலேயே தொடங்கிவிடலாம்.