திரைப்படத்தில் இடைச்செருகல்: சின்னத்திரைக்காக நீண்ட படங்கள்

சினிமாவைத் தொலைக்காட்சியில் போட்டால் வெட்டித்தான் போடுவார்கள் என்பது நம் எல்லோருக்கும் பழகிப் போன விஷயம். பாட்டு போயிருக்கும், சண்டையில் பாதி போயிருக்கும், மிச்ச இடத்தை சோப்புத்தூள் விளம்பரம் பிடித்துக்கொண்டிருக்கும். இதற்கு நேர் எதிரான வழக்கமும் ஒன்று உண்டு. தியேட்டரில் ஓடாத காட்சிகளைச் சேர்த்து, படத்தை நீட்டித் தொலைக்காட்சியில் காட்டுவது. 1970-களின் நடுவிலிருந்து 1980-களின் கடைசி வரை அமெரிக்காவில் இது ஒரு வியாபாரமாகவே நடந்தது.

இலக்கியமும் கல்வெட்டும் பேசுகிற மலரில் சினிமாவுக்கு என்ன வேலை என்று சில அன்பர்கள் கேட்கக்கூடும். வேலை இருக்கிறது. ஏட்டுச்சுவடிகளை ஒப்பிட்டுப் பார்த்தவர்கள் இடைச்செருகல் என்று ஒன்றைச் சொல்வார்கள். ஆசிரியர் எழுதாததை வேறொருவர் நடுவில் நுழைப்பது அது. உ.வே.சா. 1887-இல் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்தபோது பல பிரதிகளை ஒப்பிட்டுத்தான் பாடத்தைத் தீர்மானித்தார். கம்பராமாயணப் பதிப்புகளில் ஐயத்துக்குரிய பாட்டுகளை மிகைப்பாடல் என்று தனியே ஒதுக்கி அச்சிடுகிறார்கள். நூறு வருஷம்கூட ஆகாத சினிமாவில், அதை எடுத்தவர்கள் உயிரோடு இருக்கும்போதே, இதே சிக்கல் வந்தது என்பதுதான் எனக்கு வியப்பு. எது மூலம், எது செருகல், செருகியது யார், எதற்காக? இந்தக் கேள்விகளோடு பார்த்தால் விஷயம் விளங்கும்.

முதலில் எதற்காக என்பதைப் பார்ப்போம். நான் துணி வியாபாரி, எனக்கு இது சட்டென்று புரிந்தது. தொலைக்காட்சி நிலையம் விற்பது நேரத்தை. படம் அந்த நேரத்தைக் கட்டிக் கொடுக்கிற துணி, அவ்வளவுதான். இரண்டு மணி நேரம் என்று ஓர் இடம் ஒதுக்கினால் அதில் விளம்பரம் போக ஒன்றரை மணிக்குச் சற்று மேல் படத்துக்குக் கிடைக்கும். படம் சிறியதாகிவிட்டால் இடம் காலி. பெரிய படம் என்றால் இரண்டு இரவாகப் பிரிக்கலாம். ஆனால் இரண்டு இரவுக்குப் போதாமல் நடுவில் நின்றால் என்ன செய்வது? கத்தரித்துத் தூக்கிப்போட்ட கட் பீஸ் எல்லாம் அப்போதுதான் ஞாபகத்துக்கு வருகிறது!

‘ஹாலோவீன்’ என்ற பயங்கரப் படத்தின் கதையைக் கேளுங்கள். 1978-இல் ஜான் கார்ப்பென்டர் குறைந்த செலவில் எடுத்த படம். 1981-இல் என்.பி.சி. நிறுவனம் அதை ஒளிபரப்பும்போது கொலைக் காட்சிகளைக் குறைக்கச் சொன்னது. குறைத்தால் இரண்டு மணி நேர இடத்துக்குப் படம் போதவில்லை. அந்தச் சமயம் அதன் இரண்டாம் பாகம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். அதோடு சேர்த்து, முதல் படத்துக்கென்று சுமார் 12 நிமிடக் காட்சிகளைப் புதிதாக எடுத்து ஒட்டிவிட்டார்கள். மூன்று வருஷத்துக்கு முன் வந்த படத்துக்கு இன்று காட்சி எடுப்பது! ஓட்டை போட்டதும் நிலையம், ஒட்டு கேட்டதும் நிலையம்.

‘சூப்பர்மேன்’ இன்னும் சுவாரஸ்யம். ரிச்சர்ட் டோனர் இயக்கி 1978 டிசம்பரில் வந்த படம் 143 நிமிடம். தயாரிப்பாளர்கள் சால்கைண்ட் குடும்பத்தார். தொலைக்காட்சியில் எத்தனை நிமிடம் ஓடுகிறதோ அத்தனைக்கும் பணம் என்பது அவர்கள் கணக்கு. மீட்டருக்கு இவ்வளவு என்று விலை பேசினால் எந்த வியாபாரிதான் துணியைச் சுருக்கிக் கொடுப்பான்? வெட்டுமேசையில் கிடந்த எல்லாவற்றையும் கூட்டிச் சேர்த்து 188 நிமிடமாக்கினார்கள். 1982 பிப்ரவரியில் ஏ.பி.சி. இரண்டு இரவுகளாக அதை ஒளிபரப்பியபோது படம் மூன்று மணி நேரத்தைத் தாண்டியது.

அப்படி வந்தவற்றில் என்ன இருந்தது? நல்லதும் இருந்தது, சும்மா நீளமும் இருந்தது. வில்லன் லெக்ஸ் லூதரின் பாதாள மாளிகைக்குள் நுழைகிற சூப்பர்மேனைத் துப்பாக்கிக் குண்டு, நெருப்பு, பனி என்று வரிசையாகச் சோதிக்கிற காட்சி ஒன்று. வில்லன் வளர்க்கிற, கண்ணுக்கே தெரியாத மிருகங்களுக்கு இரை போடுகிற காட்சி இன்னொன்று. இவை இல்லாவிட்டால் கதைக்கு ஒன்றும் குறைந்துவிடாது. ஆனால் ஒரு சிறு காட்சி இருக்கிறது பாருங்கள். இளைஞன் கிளார்க் ரயிலோடு போட்டி போட்டு ஓடும்போது ஜன்னல் வழியே ஒரு சிறுமி பார்க்கிறாள். அவள்தான் பின்னால் வரப்போகிற லோயிஸ் லேன். பக்கத்தில் அவளுடைய அப்பா, அம்மா. அந்த அப்பாவாக வந்தவர் கிர்க் ஆலின், 1948-இல் வந்த தொடர்படத்தில் முதன்முதலில் சூப்பர்மேனாக நடித்தவர். அம்மாவாக வந்தவர் நோயெல் நீல், அதே தொடர்படத்தில் லோயிஸ் லேன். பழைய ஜோடிக்கு மரியாதை செய்யத்தான் கூப்பிட்டிருக்கிறார்கள். தியேட்டர் படத்தில் அவர்களுடைய பேச்சு வெட்டுப்பட்டு, வந்ததும் தெரியாமல் போனதும் தெரியாமல் போய்விட்டது. அந்த மரியாதையைத் திருப்பிக் கொடுத்தது நிமிடக் கணக்குப் பேராசைதான்.

பிறகு டோனரே உட்கார்ந்து படத்தைச் செப்பனிட்டு, அது 2001-இல் வட்டாக வெளிவந்தது. நீளம் 151 நிமிடம். அதாவது தயாரிப்பாளர் சேர்த்த 45 நிமிடத்தில் எடுத்தவர் தன் கையால் திரும்பச் சேர்த்தது ஏறக்குறைய 8 நிமிடம் மட்டுமே! ரயில் காட்சி அதில் இருக்கிறது. சேர்த்தவன் கண்ணுக்கும் செய்தவன் கண்ணுக்கும் உள்ள தூரத்தை இதைவிடத் துல்லியமாக அளக்க முடியாது.

1976-இல் வந்த ‘கிங் காங்’ படத்துக்கும் இதே வைத்தியம். 1978-இல் என்.பி.சி. அதை இரண்டு இரவாகக் காட்டியபோது முக்கால் மணி நேரம் கூடியிருந்தது.

‘காட்ஃபாதர்’ சமாச்சாரம் வேறு மாதிரி. இங்கே கத்தரிக்கோல் எடுத்தவர் கையிலேயே இருந்தது. 1972-இல் முதல் படமும் 1974-இல் இரண்டாவது படமும் வந்தன. ‘அபோகாலிப்ஸ் நவ்’ எடுக்கப் பணம் தேவைப்பட்ட நேரத்தில் பிரான்சிஸ் ஃபோர்டு கப்போலா இரண்டையும் ஒன்றாக்கி என்.பி.சி.க்குக் கொடுக்க ஒப்புக்கொண்டார். 1977 நவம்பரில் நான்கு இரவுகள் ஓடியது. இரண்டாவது படத்தில் தந்தையின் இளமையும் மகனின் ஆட்சியும் மாறி மாறி வரும். அதுதான் அதன் அழகு. தொலைக்காட்சிக்காக அதைப் பிரித்து, தந்தை சிறுவனாக இருந்த காலம் தொடங்கி வருஷ வரிசைப்படி அடுக்கினார்கள். ஒன்றேகால் மணி நேரம் அளவுக்குப் புதுக் காட்சிகளும் வந்தன. படம் பார்த்தவர்களுக்கு ஞாபகம் இருக்கும்: சிசிலியில் மைக்கேலின் மனைவியைக் கார் குண்டில் கொன்றுவிட்டு மெய்க்காவலன் ஃபப்ரிஸியோ ஓடிவிடுவான், அப்புறம் அவனைப் பற்றிப் பேச்சே இருக்காது. தொலைக்காட்சிப் பதிப்பில் அவன் அமெரிக்காவில் பீட்ஸா கடை வைத்துப் பிழைப்பதும், அவனும் கார் குண்டிலேயே சாவதும் வருகிறது. கணக்கு நேராகிவிட்டது. ஆனால் எனக்கென்னவோ, பதில் கிடைக்காமல் அவன் ஓடிப்போகிற அந்த மூலமே மனசில் நிற்கிறது. இரண்டு காலத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் கப்போலா சொன்னதை வரிசைப்படுத்தினால் கதை மிஞ்சும், ஒப்புமை போய்விடும். தொடை மாறினால் செய்யுள் போவது போலத்தான்.

நல்லதும் கெட்டதும் ஒரே பதிப்பில் வருவதும் உண்டு. 1979-இல் ராபர்ட் வைஸ் இயக்கிய ‘ஸ்டார் ட்ரெக்’ முதல் படத்தை 1983-இல் ஏ.பி.சி. சுமார் 12 நிமிடம் கூட்டிக் காட்டியது. கப்பல் தலைவர் கர்க் விண்வெளி உடையோடு வெளியே வருகிற ஒரு காட்சி அதில் இருந்தது. தந்திரக் காட்சி வேலை முடிவதற்கு முன்பே கைவிட்ட துண்டு அது. ஆகவே விண்வெளி இருக்க வேண்டிய இடத்தில் ஸ்டுடியோவின் மரச் சாரம் நிற்கிறது! அதே பதிப்பில்தான் உணர்ச்சியே இல்லாதவர் என்று பேர் பெற்ற ஸ்பாக் கண்ணீர் விடுகிற காட்சியும் வந்தது. 2001-இல் வைஸ் தம் பதிப்பைச் செய்தபோது சாரத்தை விட்டார், கண்ணீரை எடுத்துக்கொண்டார்.

இதுவரை சொன்னவற்றில் ‘ஹாலோவீன்’ தவிர மற்றதெல்லாம் படத்தோடு எடுத்து, பிறகு விலக்கியவை. பாட்டை ஆசிரியரே எழுதி, ஆசிரியரே அடித்ததற்குச் சமம். படத்தில் என்றுமே இல்லாததை நுழைப்பது வேறு. 1974-இல் வந்த ‘எர்த்குவேக்’ படத்தை 1976-இல் என்.பி.சி.யில் இரண்டு இரவாக்க, விமானத்தில் வரும் ஓர் இளம் தம்பதியின் கதையைப் புதிதாக எடுத்துச் சேர்த்தார்கள். இதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். ‘டூ மினிட் வார்னிங்’ என்ற 1976-ஆம் வருஷப் படத்துக்கு நடந்ததுதான் அநியாயம். விளையாட்டு அரங்கக் கூட்டத்தை நோக்கி ஒருவன் துப்பாக்கியோடு பதுங்கியிருக்கிறான். ஏன் என்று கடைசிவரை தெரியாது. தெரியாததுதான் அந்தப் படத்தின் பயமே. காரணமில்லாமல் சுடுகிறவனைக் காட்ட 1979-இல் தொலைக்காட்சிக்காரர்களுக்கு மனம் ஒப்பவில்லை. பக்கத்தில் ஓவியங்களைத் திருட ஒரு கும்பல் வந்திருப்பதாகவும், துப்பாக்கிக்காரன் போலீசைத் திசை திருப்ப வைத்த ஆள் என்றும் புதுக் காட்சிகள் எடுத்து நுழைத்தார்கள். படத்தின் பொருளே மாறிவிட்டது. இயக்குநர் லாரி பியர்ஸ் அந்தப் பதிப்பிலிருந்து தம் பெயரை எடுத்துவிடச் சொன்னார்.

பெயரை எடுப்பதற்கு ஹாலிவுட்டில் முறையே இருந்தது. படம் தன் கையை விட்டுப் போய்விட்டது என்று இயக்குநர் சங்கத்திடம் நிரூபித்தால் ‘ஆலன் ஸ்மிதி’ என்ற இல்லாத ஆசாமியின் பெயரைப் போட்டுக்கொள்ளலாம். 137 நிமிடமாக 1984-இல் வந்த ‘டியூன்’ படத்தை 1988-இல் தொலைக்காட்சிக்காக மூன்று மணி நேரத்துக்கு மேல் இழுத்தார்கள். தொடக்கத்தில் ஓவியங்களை வரிசையாகக் காட்டிக் கதைச் சுருக்கம். நடுவில் ஏற்கெனவே வந்த காட்சித் துண்டுகளே மறுபடியும். இயக்குநர் டேவிட் லிஞ்ச் கோபப்பட்டு ஸ்மிதி பெயரைப் போடவைத்தார். கதை வசனத்துக்கும் தம் பெயரை விலக்கி ‘ஜூடஸ் பூத்’ என்று போட்டார். இயேசுவைக் காட்டிக்கொடுத்த யூதாசின் பெயரும், லிங்கனைச் சுட்ட ஜான் வில்க்ஸ் பூத்தின் பெயரும் சேர்ந்தது அது. யாரைச் சொல்கிறார் என்று விளக்க வேண்டியதில்லை.

நம் நாட்டில் ஏன் இப்படி நடக்கவில்லை என்று கேட்டால், காரணம் சட்டத்தில் இருக்கிறது. மத்திய திரைப்படச் சான்றிதழ் வாரியம் கொடுக்கும் சான்றிதழ் ஒரு குறிப்பிட்ட நீளமுள்ள படத்துக்கே பொருந்தும். பிலிம் காலத்தில் அதை மீட்டரில் குறிப்பார்கள். முப்பத்தைந்து மில்லிமீட்டர் பிலிம் நிமிடத்துக்கு 90 அடி, அதாவது 27 மீட்டருக்குக் கொஞ்சம் மேல் ஓடும். சான்றிதழ் வாங்கியபின் காட்சியைச் சேர்த்தாலும் எடுத்தாலும் வாரியத்திடம் மறுபடி போகவேண்டும். அதைத் தாண்டிச் சில கொட்டகைகளில் ‘பிட்’ ஓட்டிய கதை அன்பர்களுக்குத் தெரியும். இந்த மலரில் அதற்கு மேல் வேண்டாம். தவிர நம் படங்கள் பெரும்பாலும் இரண்டரை மணி நேரத்துக்குக் குறையாதவை, நீட்ட அவசியமே இல்லை. நம் தொலைக்காட்சிக்கு வரும் மாற்றம் எல்லாம் குறைப்பதுதான். 2006 வாக்கில் பம்பாய் உயர்நீதிமன்றத்தில் நடந்த பொதுநல வழக்குக்குப் பிறகு ‘ஏ’ படங்களை வெட்டி மறுசான்று வாங்கித்தான் ஒளிபரப்ப முடிந்தது. 2023-இல் திருத்திய சட்டம் தொலைக்காட்சிக்கென்று தனிச் சான்றிதழுக்கே வழி செய்திருக்கிறது.

குறைப்பில் கண்ணுக்குத் தெரியாத ஒன்றும் உண்டு. சினிமா விநாடிக்கு 24 படம். நாம் வைத்திருந்த பால் முறைத் தொலைக்காட்சி விநாடிக்கு 25. ஆகவே 150 நிமிடப் படம் ஒரு காட்சிகூட வெட்டாமலே 144 நிமிடத்தில் முடியும். ஆறு நிமிடத்தை யாரோ திருடிவிட்டார்கள் என்று சண்டைக்குப் போகவேண்டாம்.

விலக்கிய காட்சி நம்மிடமும் திரும்பி வந்திருக்கிறது, ஆனால் தொலைக்காட்சி வழியாக அல்ல. ‘ஷோலே’யில் தாக்கூர் கப்பர் சிங்கைக் காலாலேயே மிதித்துக் கொல்வதாகத்தான் முதலில் முடித்தார்கள். 1975-இல், நெருக்கடி நிலைக் காலத்தில், தணிக்கையின் வற்புறுத்தலால் கடைசி நேரத்தில் போலீஸ் வந்து தடுப்பதாக மாற்றவேண்டியிருந்தது. பழைய முடிவு வீடியோவில் சுற்றியது. 2025 டிசம்பரில், செப்பனிட்ட படத்தோடு அது நம் கொட்டகைகளுக்கே வந்தது. இதை இடைச்செருகல் என்று சொல்லமாட்டேன். செருகல் என்றால் ஐம்பது வருஷமாக நாம் பார்த்த முடிவுதான் செருகல்.

வட்டும் இணைய ஒளிபரப்பும் வந்தபின் அமெரிக்காவில் இந்த வியாபாரம் அடங்கிவிட்டது. நேரத்தை நிரப்பவேண்டிய கட்டாயம் அங்கே இல்லை. ஆனால் பழைய தொலைக்காட்சிப் பதிப்புகளுக்கு இப்போது தனி மதிப்பு. சிறுவயதில் அதைத்தான் பார்த்தோம், எங்களுக்கு அதுதான் படம் என்கிறவர்கள் நிறையப் பேர். ‘சூப்பர்மேன்’ படத்தின் 188 நிமிடப் பதிப்பு 2017-இல் வட்டாக வெளிவந்தது. கூடவே டோனரின் 151 நிமிடப் பதிப்பும் அதே பெட்டியில் இருக்கிறது. 1978-இல் கொட்டகையில் ஓடிய 143 நிமிடப் படம் மட்டும் அந்தப் பெட்டியில் இல்லை. அதைத் தனியாக வாங்கவேண்டும்.