தொலைக்காட்சிக்குப் பின்னால் ஒரு கணிப்பொறி

மதுரையிலிருந்து திருமங்கலம் வழியாகக் கொல்லம் செல்லும் நெடுஞ்சாலையில், கரிசல் நிலத்தின் நடுவே உள்ள டி. கல்லுப்பட்டி போன்ற ஊர்களுக்குத் தொலைக்காட்சிப் படம் வந்துசேரும் வழி ஒரு தலைமுறைக் காலத்திற்குள் பலமுறை மாறியிருக்கிறது. கொடைக்கானல் மலையிலிருந்து வந்த தூர்தர்ஷன் அலைகளை மொட்டைமாடி ஆன்டெனாக்கள் வாங்கித் தந்த காலம் போய், கேபிள் கம்பி தெருத்தெருவாக நுழைந்தது. 2006 செப்டம்பரில் தமிழக அரசு தொடங்கிய இலவச வண்ணத் தொலைக்காட்சித் திட்டம் ஒரு கோடிக்கும் மேற்பட்ட வீடுகளுக்குப் பெட்டியைக் கொண்டு சேர்த்தது. 2011 செப்டம்பரில் அரசு கேபிள் மாதம் 70 ரூபாய்க்கு இணைப்பு தரத் தொடங்கியது. 2017இல் அதே நிறுவனத்தின் செட்டாப் பாக்ஸ் வந்தது. இந்த மாற்றங்களில் பெரும்பாலானவற்றை அரசோ கேபிள் நிறுவனமோ முடிவு செய்தது. இப்போது மின்கம்பங்களின் வழியே கண்ணாடி இழை இணைப்பு வீட்டுக்குள் வந்த பிறகு, இணையத்திலிருந்து படத்தை வாங்கித் திரைக்குத் தரும் கருவியைத் தேர்ந்தெடுக்கும் பொறுப்பு முதன்முறையாக வீட்டாரின் கைக்கு வந்திருக்கிறது. விலைப்பட்டியலும் அட்டைப்பெட்டியில் அச்சிட்ட ‘4கே’ என்ற முத்திரையும் மட்டும் அந்த முடிவுக்குப் போதுமானவை அல்ல.

ஸ்டிக் என்று கடைகளில் கேட்டு வாங்கப்படும் விரல் நீளக் கருவி உண்மையில் ஒரு முழுக் கணிப்பொறி. நுண்செயலி, நினைவகம், வைஃபை வானொலி, இயங்குதளம் ஆகிய நான்கும் அதில் உண்டு, தொலைக்காட்சியின் எச்.டி.எம்.ஐ. துளையில் செருகியதும், தொலைக்காட்சி வெறும் திரையாகவும் ஒலிபெருக்கியாகவும் மாறிவிடுகிறது. அமெரிக்காவில் 2008இல் வெளிவந்த ரோக்கு பெட்டி இவ்வகையில் முன்னோடிகளுள் ஒன்று. 2013இல் கூகுள் 35 டாலருக்கு விற்ற குரோம்காஸ்ட், இத்தகைய கருவி எளிய விலைக்குக் கிடைக்கலாம் என்பதைக் காட்டியது. அமேசானின் ஃபயர் டிவி ஸ்டிக் 2017இல் 3,999 ரூபாய்க்கு இந்தியச் சந்தைக்கு வந்தது.

இந்தக் கணிப்பொறியின் தலையாய வேலை, சுருக்கப்பட்ட படத்தை விரிப்பது. முழு எச்.டி. எனப்படும் தரத்தில் ஒரு சட்டகத்திற்கு 1920 × 1080, அதாவது 20,73,600 படப்புள்ளிகள் உள்ளன; ஒவ்வொரு புள்ளியின் நிறத்தையும் குறிக்க 24 பிட்டுகள் தேவை; திரைப்படம் நொடிக்கு 24 சட்டகங்கள் ஓடுகிறது. பெருக்கிப் பார்த்தால் நொடிக்கு ஏறத்தாழ 119 கோடி பிட்டுகள் ஆகும். ஆனால் அதே தரத்தில் படம் பார்க்க நொடிக்கு 50 லட்சம் பிட்டுகள், அதாவது 5 எம்.பி.பி.எஸ். வேகம் போதும் என்று நெட்ஃபிளிக்ஸ் பரிந்துரைக்கிறது. இருநூறு மடங்குக்கும் மேலான இந்தச் சுருக்கத்தின் அடிப்படைக் கணக்கில் இந்தியாவில் பிறந்து அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் பணியாற்றியவர்களின் பங்கு பெரியது என்பது தமிழ் வாசகர்களிடையே போதிய அளவு பேசப்படவில்லை. பெங்களூரில் பிறந்த நசீர் அகமது, அவருடைய மாணவர் டி. நடராஜன், கிண்டி பொறியியல் கல்லூரியில் பயின்ற கே. ஆர். ராவ் ஆகிய மூவரும் 1974 ஜனவரியில் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரை, தனித்த கொசைன் உருமாற்றம் என்ற கணித முறையை அறிமுகப்படுத்தியது. அதற்கு முன் 1972இல் அகமது ஆய்வு நிதி கேட்டு விண்ணப்பித்தபோது, கருத்து மிக எளிமையானது என்று கருதப்பட்டு நிதி மறுக்கப்பட்டதை அவரே பின்னாளில் எழுதியிருக்கிறார்.

அந்த எளிமையில்தான் அதன் வலிமை இருக்கிறது. படத்தை எட்டுக்கு எட்டு என்ற சிறு கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொரு கட்டத்திலும் உள்ள 64 புள்ளிகளின் மதிப்புகளை, மெதுவாக மாறும் அலைகள் எவ்வளவு, வேகமாக மாறும் அலைகள் எவ்வளவு என்று கூறும் 64 எண்களாக இம்முறை மாற்றித் தருகிறது. வானம், சுவர், முகம் போன்ற பரப்புகளில் நிறம் சட்டென்று மாறுவதில்லை ஆதலால், தகவலின் பெரும்பகுதி முதல் சில எண்களிலேயே திரண்டுவிடுகிறது. எஞ்சியவற்றைத் தோராயமாக்கினாலும் நீக்கினாலும் மனிதக் கண் எளிதில் கண்டுகொள்வதில்லை. இதனுடன், முந்தைய சட்டகத்திலிருந்து எந்தப் பகுதி எங்கே நகர்ந்தது என்பதை மட்டும் குறித்துக்கொள்ளும் உத்தியும் சேரும்போது காணொளி மிகச் சிறியதாகிறது. 2003இல் தரப்படுத்தப்பட்ட எச்.264, 2013இல் வந்த எச்.265, 2018இல் வெளியான ஏவி1 ஆகிய சுருக்க முறைகள் எல்லாம் அந்த 1974ஆம் ஆண்டுக் கருத்தின் வழித்தோன்றல்களே. புதிய முறை ஒவ்வொன்றும் அதே தரத்தை இன்னும் குறைந்த பிட்டுகளில் தருகிறது. ஆனால் அதை விரிக்க அதிகக் கணக்கு தேவைப்படுவதால், அதற்கென்றே தனிச் சுற்று சிப்புக்குள் செதுக்கப்பட்டிருக்க வேண்டும். அந்தச் சுற்று இல்லாத கருவிக்குப் பின்னாளில் மென்பொருள் புதுப்பித்தலால் அதைத் தர முடியாது.

ஆகவே வாங்குமுன் முதலில் பார்க்க வேண்டியது ஏவி1 வன்பொருள் வசதி. கூகுள் 2020இல் வெளியிட்ட 4கே குரோம்காஸ்டில் இவ்வசதி இல்லை. 2022இல் அதைவிடக் குறைந்த விலைக்கு வந்த எச்.டி. வகையில் இருந்தது. விலை உயர்ந்ததும் 4கே முத்திரை கொண்டதுமான கருவி எல்லா வகையிலும் மேலானது என்ற எண்ணத்திற்கு இந்த ஒரு சான்றே போதிய மறுப்பு. குறைந்த பிட்டுகளில் நல்ல படம் தரும் முறை, வேகம் குறைந்த இணைப்பு உள்ள வீட்டுக்கே அதிகம் பயன்படும். கைபேசியின் ஹாட்ஸ்பாட்டை நம்பியிருக்கும் வீட்டில், எச்.டி. படம் மணிக்கு 3 ஜிபி வரை செலவழிக்கக்கூடும் என்பதால், நாளொன்றுக்கு 1.5 ஜிபி தரும் ரீசார்ஜ் அரை மணி நேரத்தில் தீர்ந்துபோகும்.

4கே தேவையா என்ற கேள்விக்கு விடை கடையில் இல்லை, கூடத்தின் அளவில் இருக்கிறது. நல்ல பார்வையுள்ள கண் ஒரு பாகையின் அறுபதில் ஒரு பங்கு அளவுள்ள கோணத்தைப் பிரித்தறியும். 43 அங்குலத் திரையின் அகலம் சுமார் 95 சென்டிமீட்டர். அதில் 1920 புள்ளிகள் என்றால் ஒரு புள்ளி ஏறத்தாழ அரை மில்லிமீட்டர். அந்த அரை மில்லிமீட்டர், ஏறத்தாழ ஐந்தரை அடிக்கு அப்பால் கண்ணுக்குத் தனியாகத் தெரியாது. எட்டடி தள்ளி நாற்காலி போட்டு அமரும் வீட்டில், அதைவிட நான்கு மடங்கு புள்ளிகளைத் தரும் 4கே படத்தின் கூடுதல் நுணுக்கம் பார்வைக்கு வந்து சேராது. இந்தியாவில் விற்கும் 32 அங்குலப் பெட்டிகளில் மிகப் பல எச்.டி. ரெடி எனப்படும் 1366 × 768 புள்ளிகள் கொண்டவை. அவற்றிற்கு முழு எச்.டி. படமே மிகுதி. வெளிச்சத்திற்கும் இருளுக்கும் இடையிலான வீச்சை விரித்துக் காட்டும் எச்.டி.ஆர். வசதி 4கே படங்களுடன் சேர்ந்து வருவது உண்மைதான். ஆனால் அதைக் காட்டும் ஒளித்திறன் திரைக்கே இருக்க வேண்டும். 55 அங்குலமும் அதற்கு மேலும் உள்ள திரை வைத்திருப்போர் 4கே கருவி வாங்குவதில் நியாயம் உண்டு.

படம் நின்று நின்று ஓடினால் பழி கருவியின் மீது விழுகிறது. குற்றம் பெரும்பாலும் வைஃபையில் இருக்கும். ஓடும் படம் சில நொடி நீளமுள்ள துண்டுகளாக வெட்டப்பட்டு, ஒவ்வொரு துண்டும் பல தரங்களில் தயாராக வைக்கப்பட்டிருக்கும். கருவி தனக்கு வந்துசேரும் வேகத்தை அளந்து, அடுத்த துண்டை எந்தத் தரத்தில் கேட்பது என்று தானே முடிவு செய்கிறது. படம் திடீரென்று மங்குவதன் காரணம் இதுவே. 30 எம்.பி.பி.எஸ். இணைப்பு 4கே படத்திற்கான 15 எம்.பி.பி.எஸ். தேவையைவிட இருமடங்கு; ஆயினும் வாசலருகே பொருத்தப்பட்ட ரவுட்டரிலிருந்து இரண்டு கனத்த சுவர்களைத் தாண்டி அந்த வேகம் உள்ளறைக்கு வருமா என்பது வேறு கணக்கு. 2.4 கிகாஹெர்ட்ஸ் அலை சுவரை ஓரளவு ஊடுருவும்; ஆனால் ஒன்றன்மேல் ஒன்று படியாத தடங்கள் அதில் மூன்றுதான் என்பதால், வீடுகள் நெருங்கிய தெருவில் அண்டை வீட்டு ரவுட்டர்களோடு மோதும். 5 கிகாஹெர்ட்ஸ் அலை நெரிசலற்றது, வேகமானது, சுவரில் எளிதில் தளர்வது. இரண்டு அலைவரிசைகளையும் ஏற்கும் கருவியை வாங்குவது நலம். ஸ்டிக் தொலைக்காட்சியின் முதுகில், உலோகத் தகட்டுக்கு மிக அருகில் ஒளிந்துகொள்வதால், அலை கிடைக்காமல் தவிக்கும். பெட்டிக்குள் கூடவே வரும் சிறிய எச்.டி.எம்.ஐ. நீட்டிப்பு வயரைப் பலர் தேவையற்றது என்று ஒதுக்கிவைக்கிறார்கள், அதைப் பொருத்தி ஸ்டிக்கைச் சற்று வெளியே இழுத்தாலே நிலைமை மாறக்கூடும்.

மின்சாரமும் இதே அளவு கவனிக்கத்தக்கது. எச்.டி.எம்.ஐ. துளை தரும் மின்னோட்டம் ஸ்டிக்கை இயக்கப் போதாது. தொலைக்காட்சியின் சாதாரண யு.எஸ்.பி. துளை 2.5 வாட் வரை தரும். கூடவே வரும் அடாப்டர் 5 வாட் அல்லது அதற்கு மேல் தரும். சுவர் பிளக்கைத் தவிர்த்து யு.எஸ்.பி. துளையில் இணைத்தால், பளு கூடும் நேரத்தில் கருவி தானே அணைந்து மீண்டும் தொடங்கும். மின்வெட்டு வரும்போது தொலைக்காட்சியை இன்வெர்ட்டரில் இணைத்திருந்தாலும், ஃபைபர் மோடத்திற்கும் ரவுட்டருக்கும் மின்சாரம் இல்லையென்றால் படம் வராது. அவ்விரண்டுக்கும் ஒரு சிறிய யு.பி.எஸ். வாங்குவது கருவியின் தரத்தை உயர்த்துவதைவிடப் பயனுள்ள செலவு.

இலவசமாக வழங்கப்பட்ட பழைய குழாய்வகைப் பெட்டி இன்னும் ஓடும் வீட்டில், மஞ்சள், சிவப்பு, வெள்ளை நிற ஏவி துளைகள்தான் இருக்கும். எச்.டி.எம்.ஐ.யை ஏவியாக மாற்றும் கருவி கடையில் கிடைக்கும் என்றாலும், நகலெடுப்பதைத் தடுக்கும் பாதுகாப்புக் குறியீட்டை அது ஏற்காவிட்டால் திரை கறுப்பாகவே இருக்கும். படம் வந்தாலும், அகலத் திரைக்கென அமைந்த எழுத்துகள் அந்தச் சதுரத் திரையில் படிக்க முடியாதவாறு சுருங்கும். அத்தகைய வீட்டுக்குக் கேபிள் இணைப்பே தகுந்தது.

பெயர் தெரியாத ஆண்ட்ராய்டு பெட்டிகளைப் பற்றிக் கடுமையாகவே எச்சரிக்க வேண்டியுள்ளது. கட்டணத் தளங்கள் தம் படங்களை வைட்வைன் என்ற பூட்டுமுறையில் அனுப்புகின்றன. பூட்டைத் திறக்கும் சாவி சிப்பின் பாதுகாக்கப்பட்ட பகுதியில் இருந்தால் அது எல்1 நிலை, வெறும் மென்பொருளில் இருந்தால் எல்3 நிலை. எல்3 கருவிக்குப் பல தளங்கள் 480 வரிப் படத்தை மட்டுமே தருகின்றன ஆதலால், 8கே என்று அச்சிட்ட பெட்டியிலும் மங்கிய படமே கிடைக்கும். அதைவிடப் பெரிய கேடு வேறு. சான்றளிக்கப்படாத மலிவுப் பெட்டிகளில் முன்கூட்டியே புகுத்தப்பட்ட தீநிரலைப் பற்றி அமெரிக்காவின் எஃப்.பி.ஐ. 2025 ஜூனில் பொதுமக்களை எச்சரித்தது, பேட்பாக்ஸ் 2.0 எனப்படும் அந்த வலைப்பின்னலில் ஒரு கோடிக்கும் மேற்பட்ட கருவிகள் சிக்கியிருப்பதாகக் கூறி, கூகுள் அடுத்த மாதமே வழக்குத் தொடுத்தது. அத்தகைய பெட்டியை வாங்கும் குடும்பம், தன் வீட்டு இணைப்பை முகமறியாத குற்றவாளிகளுக்கு வாடகையின்றி விட்டுக்கொடுக்கிறது.

கருவியின் ஆயுள் அதன் உலோகத்தில் இல்லை, அதை விற்ற நிறுவனம் எத்தனை ஆண்டு புதுப்பித்தல் அனுப்பும் என்பதில் இருக்கிறது. 2013ஆம் ஆண்டின் முதல் குரோம்காஸ்டுக்குப் புதுப்பித்தல்கள் 2023இல் நின்றன. 2025 மார்ச்சில், இரண்டாம் தலைமுறைக் குரோம்காஸ்டுகளுக்குள் பத்தாண்டுக்கு முன் வைக்கப்பட்ட மின்னணுச் சான்றிதழ் ஒன்று காலாவதியானதால், உலகெங்கும் நல்ல நிலையில் இருந்த கருவிகள் ஒரே நாளில் செயலிழந்து, சில நாள்களுக்குப் பிறகு அனுப்பப்பட்ட திருத்தத்தால் மீண்டன. ஸ்மார்ட் டிவிக்கும் இதே விதி பொருந்தும்: அதன் திரை பத்தாண்டு உழைக்கும், உள்ளே இருக்கும் கணிப்பொறி நான்கைந்து ஆண்டில் தளர்ந்துவிடும். செயலிகள் திறக்கத் தாமதமாகும் ஸ்மார்ட் டிவியைத் தூக்கியெறியாமல், சில ஆயிரம் ரூபாய் ஸ்டிக்கைச் செருகி அதன் திரையை மட்டும் தொடர்ந்து பயன்படுத்துவதே ஸ்ட்ரீமிங் கருவியின் உண்மையான பொருளாதாரப் பயன்.

இந்தக் கணக்கு டி. கல்லுப்பட்டிக்குப் புதியதன்று. 1940இல் அவ்வூரில் தொடங்கப்பட்ட காந்தி நிகேதன் ஆசிரமத்தில், 1960இல் மறையும் வரையிலான தம் இறுதி ஆண்டுகளைக் கழித்த பொருளியல் அறிஞர் ஜே. சி. குமரப்பா, பொருளின் விலையோடு அது எவ்வளவு காலம் நிலைக்கும், யாருடைய உழைப்பிலும் எந்த வளத்தின் இழப்பிலும் உருவானது என்பதையும் வாங்குபவர் எண்ணிப்பார்க்கக் கடமைப்பட்டவர் என்று வாதிட்டவர். சுரங்கத்து உலோகங்களால் ஆன மின்னணுக் கருவிகளுக்கு அந்த வாதம் அவர் காலத்துப் பொருள்களைவிடக் கூடுதலாகவே பொருந்துகிறது. எத்தனை ஆண்டு பாதுகாப்புப் புதுப்பித்தல் தரப்படும் என்பதை வெளிப்படையாக அறிவிக்கும் நிறுவனத்தின் கருவியையும், அறிமுகமாகி ஓராண்டுக்குள் இருக்கும் வகையையும் தேர்வது அவ்வழிப்பட்ட முடிவு. தள்ளுபடியில் தள்ளிவிடப்படும் மூன்றாண்டுப் பழைய வகையின் ஆயுளில் பாதி கடையிலேயே கழிந்திருக்கும்.

சில சிறு குறிப்புகளும் உண்டு. நினைவகம் 1 ஜிபி மட்டும் உள்ள கருவி ஒரு செயலியிலிருந்து மற்றொன்றுக்கு மாறும்போது தடுமாறும், 2 ஜிபி இருப்பது நன்று. நொடிக்கு 24 சட்டகம் ஓடும் திரைப்படத்தை 60 முறை புதுப்பிக்கும் திரையில் காட்டும்போது காட்சியின் நகர்வு விட்டுவிட்டுத் தெரியும். மூலச் சட்டக வேகத்திற்கே திரையை மாற்றும் அமைப்பு கருவியில் இருந்தால் அதை இயக்கிவைக்க வேண்டும். பிராட்பேண்ட் நிறுவனங்கள் இணைப்போடு தரும் செட்டாப் பாக்ஸ் தனிச் செலவில்லாதது. ஆனால் பெரும்பாலும் இணைப்பை விட்டால் பெட்டியையும் திருப்பித் தர வேண்டியிருக்கும்.

நேரலைக் கிரிக்கெட்டில் மட்டும் கேபிளின் இடத்தை இணையம் இன்னும் முழுமையாகப் பிடிக்கவில்லை. 2023 நவம்பர் 19 அன்று நடந்த உலகக் கோப்பை இறுதிப் போட்டியை ஒரே நேரத்தில் 5.9 கோடிப் பேர் வரை ஹாட்ஸ்டாரில் பார்த்தார்கள் என்பது பெரும் பொறியியல் சாதனை. ஆயினும் ஆறு நொடித் துண்டுகளில் மூன்றையாவது சேமித்துவைத்த பிறகே கருவி படத்தை ஓட்டத் தொடங்கினால், ஏறத்தாழ இருபது நொடித் தாமதம் அந்த அமைப்பிலேயே பிறந்துவிடுகிறது. எதிர்வீட்டுக் கேபிளில் விழுந்த விக்கெட்டின் ஆரவாரம், இங்கே பந்துவீச்சாளர் ஓடத் தொடங்குமுன் கேட்டுவிடும். விளையாட்டும் நெடுந்தொடரும் முதன்மையான வீடுகள் கேபிளை விடாமல், ஸ்டிக்கை அதற்குத் துணையாக வைத்துக்கொள்ளலாம். அதற்குச் செட்டாப் பாக்ஸுக்கு ஒன்றும் ஸ்டிக்குக்கு ஒன்றும், சவுண்ட்பார் இருந்தால் அதற்கு மற்றொன்றுமாக எச்.டி.எம்.ஐ. துளைகள் தேவைப்படும் என்பதால், கடைக்குப் புறப்படுமுன் தொலைக்காட்சியின் பின்புறத்தைத் திருப்பி அவை எத்தனை என்று எண்ணிப் பார்த்துவிடுவது நல்லது.