இனிப்புநீரும் இரத்தக் கொழுப்பும்



"சீனியைக் குறைத்துவிட்டேன், இனி என்ன கவலை?" என்று இனிப்புநீர் உள்ளவர்கள் பலர் சொல்வதுண்டு. சீனியைக் குறைத்தது நல்லதுதான். ஆனால் அவர்களின் உயிருக்குப் பெரும்பாலும் உலை வைப்பவை மாரடைப்பும் பக்கவாதமும் ஆகும். அதில் சீனிக்குக் கூட்டாளி, இரத்தக் கொழுப்பு.

2019ஆம் ஆண்டின் தேசியச் சுகாதார ஆய்வில், மலேசியப் பெரியவர்களில் 100க்கு 18 பேருக்கு இனிப்புநீர் இருந்தது. இந்தியர்களிடையே அது 100க்கு 31 பேர்.

இரண்டுக்கும் என்ன தொடர்பு? இன்சுலின் சரியாக வேலை செய்யாதபோது, கல்லீரல் டிரைகிளிசரைடு என்னும் கொழுப்பை அளவுக்கு மீறி இரத்தத்தில் விடுகிறது. நல்ல கொழுப்பு குறைகிறது. கெட்ட கொழுப்போ சிறு சிறு துகள்களாகி, இரத்தக் குழாய்ச் சுவரில் எளிதாகப் படிகிறது. இதற்கு வலியே கிடையாது. நோவு இல்லை என்பதால் நோய் இல்லை என்று இருந்துவிடக் கூடாது.

சுங்கை சிப்புட் வட்டாரத் தோட்டங்களில் நம் பெற்றோர் விடியுமுன் எழுந்து, நானூறு ஐந்நூறு பால்மரம் சீவி, வாளி சுமந்து நடந்தார்கள். தோட்டங்கள் செம்பனையாகவும் வீடமைப்புப் பகுதியாகவும் மாறின. பலர் ஈப்போ போன்ற பட்டணங்களுக்கு வந்தார்கள். நடை குறைந்தது, தட்டில் சோறு குறையவில்லை.

என்ன செய்யலாம்? தட்டில் பாதி கீரையும் காய்கறியும், கால் பங்கு சோறு, கால் பங்கு மீன், பருப்பு அல்லது தோல் நீக்கிய கோழி என வைத்துக்கொள்ளுங்கள். தினமும் தேங்காய்ப்பால் குழம்பு வேண்டாம். நெய், ஆட்டுக்கொழுப்பு, பொரித்த பலகாரம் ஆகியவற்றைக் குறையுங்கள். நாசி லெமாக்கும் கெட்டிப்பால் தேநீரும் அன்றாடப் பழக்கமாக வேண்டாம். சீனியும் மதுவும் டிரைகிளிசரைடை ஏற்றும்.

வெண்டைக்காய், பயறு, ஓட்ஸ் ஆகியவற்றிலுள்ள நார்ச்சத்து, குடலில் பித்தநீரைப் பிடித்து வெளியேற்றுகிறது. புதிய பித்தநீர் உண்டாக்க, கல்லீரல் இரத்தத்திலுள்ள கொழுப்பை எடுத்துக்கொள்கிறது. கொழுப்பு இறங்குவது இப்படித்தான்.

வாரத்தில் ஐந்து நாள், நாளுக்கு 30 நிமிடம் வேகமாக நடங்கள். ஈப்போவில் இருப்பவர்களுக்கு டி.ஆர். சீனிவாசகம் பூங்கா இருக்கிறது. மற்றவர்களுக்கு வீட்டுப் பக்கத்துச் சாலையே போதும். பாதத்தில் உணர்ச்சி குறைந்தவர்கள் சப்பாத்து அணிந்தே நடக்க வேண்டும். இன்சுலின் போடுபவர்கள் சட்டைப்பையில் இரண்டு மிட்டாய் வைத்திருப்பது நல்லது. புகைப்பவர்கள் அதை விட்டால் நல்ல கொழுப்பு உயரும்.

இன்னொரு செய்தி. "மாத்திரை சிறுநீரகத்தைக் கெடுத்துவிடும்" என்று பயந்து, கொழுப்பு மாத்திரையைத் தாமாகவே நிறுத்துபவர்கள் உண்டு. சிறுநீரகத்தைப் பெரும்பாலும் கெடுப்பவை கட்டுப்படாத சீனியும் இரத்த அழுத்தமுமே. மாத்திரையால் தசைவலி போன்ற தொல்லை இருந்தால் டாக்டரிடம் சொல்லுங்கள்; அளவையோ மருந்தையோ அவர் மாற்றித் தருவார்.

அடுத்த முறை அரசாங்கக் கிளினிக்குக்குப் போகும்போது, "என் எல்.டி.எல். எவ்வளவு?" என்று கேளுங்கள். இனிப்புநீர் உள்ளவர்களுக்கு அது பொதுவாக 2.6க்கு மேற்போகக் கூடாது. இதய நோய் உள்ளவர்களுக்கு அதைவிடவும் குறைய வேண்டும். அந்த எண்ணைச் சிகிச்சைப் புத்தகத்தில் குறித்து வாருங்கள். வீட்டில் சமைப்பவர்களுக்கும் அது தெரிந்திருக்கட்டும்.